பேட்டரிக் கடைக்காரரும் பிழைக்கணும்லா

வா மருமவனே, உக்காரு. மொதல்ல ஒரு பாராட்டு சொல்லிக்கிடுதேன். போட்டுக்கு ரெண்டு, பைக்குக்கு ஒண்ணு, ஆக மூணு சீல்டு பேட்டரியையும் வாரண்டி தேதி வரைக்கும் உசிரோட வச்சிருந்து, அது முடிஞ்ச மறுமாசமே போட்டுத் தள்ளியிருக்கியே, அந்தக் கணக்கு எல்லாருக்கும் வராது. உன்ன மாதிரி இன்னும் நாலு பேரு இருந்தா கடைக்காரரு மாடி கட்டிருவாரு. செங்கல்லு வந்து இறங்கிட்டதாக் கூட கேள்வி.

ஆனா ஒண்ணு. கொல்லுததுன்னு ஆன பொறவு தெரிஞ்சு கொல்லணும்லா? நீ தெரியாமக் கொல்லுத. அதான் மாமனுக்கு மனசு பொறுக்கல. வா, முறையாச் சொல்லித் தாரேன்.

அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நினைச்ச? ஆறு அறை. ஒவ்வொண்ணுலயும் ஈயத்தகடு, நடுவுல கந்தக ஆசிட்டு. அறைக்கு ரெண்டு வோல்ட்டும் கொஞ்சமும், ஆறும் சேர்ந்தா பன்னெண்டு சொச்சம். 1859ல பிளாந்தேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு ஈயத்தகட்டைப் பாய் சுருட்டுதாப்ல சுருட்டி ஆசிட்டுல முக்கி வச்சாரு பாரு, அன்னைக்கு ஆரம்பிச்ச கதை. இன்னைக்கு உன் போட்டுல இருக்கதும் அதே ஈயம், அதே ஆசிட்டுதான். நீ லைட்டைப் போடும்போது ஆசிட்டுல உள்ள சல்பேட்டு போயித் தகட்டுல ஒட்டும், ஆசிட்டு தண்ணியா நீர்த்துப் போவும். சார்ஜ் ஏத்தும்போது ஒட்டினது கழண்டு திரும்ப ஆசிட்டுக்குப் போவும். அம்புட்டுதான் வித்தை.

இப்ப கவனமாக் கேளு, கொலையோட சூட்சுமம் இங்கதான் இருக்கு. ஒட்டின சல்பேட்டைச் சூட்டோட சூடா கழட்டி விட்டா ஒரு சேதமும் இல்ல. அப்படியே விட்டு வச்சா, நாள் ஆக ஆகப் படிகம் பெருசாகி இறுகிப் போவும். பொறவு நீ எந்தச் சார்ஜரைக் கொண்டாந்து மாட்டினாலும் அது அசையாது. நூறு ஆம்பியர் அவர்னு எழுதின பேட்டரி உள்ளுக்குள்ள முப்பதா நாப்பதா நிக்கும். வெளியில பாத்தா பளபளன்னு ஸ்டிக்கரு கூட உரியாம இருக்கும். பேட்டரி உழைச்சுச் சாவுறது கம்மி மருமவனே. இறங்கின நிலையில போட்டு வச்சுதான் நிறையச் சாவுது. உனக்கு இது யாரும் சொல்லித் தரல, ஆனாலும் தன்னாலயே கண்டுபிடிச்சுட்ட பாரு!

‘மூடியே இல்ல மாமா, தண்ணி ஊத்த வேண்டாம், நாம பாக்க வேண்டியது ஒண்ணும் இல்ல’ன்னுதானே வாங்கும்போது குதிச்ச? மூடி இல்லதான். ஏன் இல்லன்னு கேட்டியா? சார்ஜ் ஏறும்போது தண்ணி பிரிஞ்சு வாயுவா வரும்லா, பழைய பேட்டரியில அது வெளிய போயிரும், நாம டிஸ்டில்டு வாட்டர் ஊத்துவோம். இதுல தகடுகளுக்கு நடுவுல கண்ணாடி நூல் மெத்தை வச்சு ஆசிட்டை அதுல ஊற வச்சிருக்கான். ஒரு தகட்டுல வார ஆக்சிஜன் அந்த மெத்தை வழியா அடுத்த தகட்டுக்குப் போயித் திரும்பத் தண்ணியாயிருது. இன்னொரு சாதியில மெத்தைக்குப் பதிலா ஆசிட்டைக் கூழாக்கி வச்சிருப்பான், ஜெல்லுன்னு சொல்லுதாங்க. ரெண்டுலயும் மேல சின்ன வால்வு உண்டு. உள்ள அழுத்தம் மீறினா அது திறந்து வாயுவை வெளிய விட்டுரும். அப்படிப் போன தண்ணி போனதுதான், ஊத்துததுக்கு வழி கிடையாது. ஆக தண்ணி ஊத்துற பேட்டரியை நீ ரெண்டு தடவை கொடுமைப்படுத்தினாலும் அது மன்னிச்சிரும். இது மன்னிக்காது.

வீட்டோட மாப்பிள்ளை மாதிரி வச்சுக்கோயேன். வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டான், மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது, ஒரு நாள் வயிறு உப்பிப் படுத்துருவான். அன்னைக்கு ஓடியாந்து ‘என்ன ஆச்சு’ன்னு கேட்டுப் புண்ணியமில்ல.

சரி, உன் போட்டு விசயத்துக்கு வாரேன். நம்ம பக்கம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். முன்ன 45 நாளா இருந்ததை இப்ப 61 நாளாக்கி வச்சிருக்காங்க. மீனுக்கு நல்லதுதான். உன் பேட்டரிக்கு? நீ என்ன செஞ்ச? கடைசி நாள் ராத்திரி ஓடி வந்த அலுப்புல போட்டைக் கட்டிட்டு, வலையை எடுத்துட்டு, மெயின் சுவிட்சைக் கூட அணைக்காமப் போனவன், ஜூன் மாசம் பூசை போட்டு எலுமிச்சம்பழம் வெட்டி செல்ஃப் அடிக்க வந்த. ‘டிக்’குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அதுக்குக் கண்ணேறு காரணம்னு உங்கம்மை சொன்னா. நான் ஒண்ணும் சொல்லல, என் தங்கச்சில்லா.

கணக்குப் போட்டுக் காட்டுதேன் கேளு. நல்ல சீல்டு பேட்டரி சும்மா கிடந்தா தன்னால இறங்குறது மாசத்துக்கு நூத்துக்கு மூணு வரைக்கும்தான். மே மாச வெயிலுக்கு இதைப் போல ரெண்டு பங்குன்னு வச்சாலும் 61 நாள்ல பத்து பன்னெண்டு சதம் போவும். அது சாவாது. பொறவு எது கொன்னுச்சு? நீ பாட்டு கேக்க மாட்டி வச்சிருக்கியே ஒரு பெட்டி, ஆஃப் பண்ணினாலும் கண்ணு சிமிட்டிக்கிட்டே கிடக்கும்லா சிவப்பா, அது. அதுவும் இன்னும் ஒண்ணு ரெண்டு சின்னச் சாமானும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வையி. கொசு கடிச்ச மாதிரி கூடத் தெரியாது. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 61 நாளைக்கு 73! நூறு ஆம்பியர் பேட்டரியில முக்கால்வாசியை அந்தச் சிவப்புக் கண்ணு குடிச்சிருச்சு. குடிச்ச இடத்துல எல்லாம் சல்பேட்டு இறுகி உக்காந்திருச்சு. ஒரு பாட்டுக் கூட கேக்காம 61 நாள் பாட்டுப்பெட்டிக்குக் கரண்டு கொடுத்த வள்ளல் நீ.

இதுக்கு மருந்து பெருசா ஒண்ணும் இல்ல. தடைக்கு முன்ன முழுசாச் சார்ஜ் ஏத்து. மெயின் சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது, சில பயலுவ சுவிட்சுக்கு முன்னாலயே வயரை இழுத்து வச்சிருப்பானுவ. அதனால மைனஸ் வயரையே கழட்டிப் போடு. இல்லையா, 20 வாட் சோலார் தகடு பேட்டரிக்கு ஒண்ணா மேல கட்டி, நடுவுல கண்ட்ரோலர் வச்சு விட்டுரு. தகட்டை நேராக் கொண்டு போயி பேட்டரியில மாட்டுதேன்னு நிக்காத, அப்பொறம் வெந்து போவும். அதுவும் முடியாதுன்னா மாசம் ஒரு தடவை வீட்டுக்குத் தூக்கியாந்து ஏத்து. முப்பது கிலோ இருக்கும். உனக்கும் தடைக்காலத்துல வேற உடற்பயிற்சி ஏது?

உன் ரெண்டாவது கொலை இருக்கே, அது இன்னும் நுணுக்கமானது. உன் எஞ்சினுக்கு 24 வோல்ட்டு வேணும். அதுக்காக ரெண்டு 12ஐ வரிசையில கோர்த்திருக்கான். ஆனா உன் வயர்லெஸ்ஸு, ஜிபிஎஸ்ஸு, நாலு பல்பு எல்லாம் 12. என்ன செஞ்ச? கோர்த்து வச்ச ரெண்டுல கீழ உள்ளதுலேருந்து மட்டும் ஒரு வயரை உருவிக்கிட்ட. எல்லாரும் செய்யுததுதான், வேலை நடக்கும். ஆனா எஞ்சின் ஓடும்போது டைனமோ 28 சொச்சம் கொடுக்கும், ரெண்டும் ஆளுக்குப் பாதின்னு 14ஆப் பிரிச்சுக்கிடணும். உருவின பேட்டரி எப்பவும் இறங்கியே கிடக்கதால அது 13ல நிக்கும். மிச்சம் 15 அடுத்தவன் தலையில போயி விழும். ஒருத்தன் வயிறு நிறையாமச் சாவுதான், இன்னொருத்தன் கொதிச்சுச் சாவுதான். கடையில ரெண்டையும் அடுத்தடுத்து வச்சுப் பாத்தியே, ஒண்ணு உப்பியிருந்துச்சு, இன்னொண்ணு சப்புன்னு இருந்துச்சுல்லா? ‘கம்பெனி சரியில்ல’ன்னு அங்கன நின்னு சண்டை வேற போட்ட. கம்பெனிக்காரன் பாவம்டா.

24ஐ 12ஆ இறக்குத சின்னப் பெட்டி, கன்வெர்ட்டருன்னு கேட்டா எலக்ட்ரிக் கடையில தருவான். அதை வாங்கி ரெண்டுக்கும் பொதுவா மாட்டு. இல்லைன்னா லைட்டுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் தனியா மூணாவது பேட்டரி வையி. தனியா வைக்கது எனக்குப் பிடிச்ச வழி. ஏன்னா நடுக்கடல்ல ராத்திரி லைட்டைப் போட்டுத் தூங்கிப் போனாலும் எஞ்சினை எடுக்க ரெண்டு உசிரோட நிக்கும். அந்த மூணாவதை வாங்கும்போது எஞ்சின் எடுக்கிற பேட்டரியைக் கேக்காத. அதுல தகடு மெல்லிசு, ஒரேயடியா அள்ளிக் கொடுத்துட்டு உடனே சார்ஜ் ஏறிக்கிடணும், அதுக்குப் பண்ணினது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கணும்னா தகடு கனமானது வேணும். அதையும் பாதிக்கு மேல இறக்காம ஏத்திரு, வருசக்கணக்குல கிடக்கும்.

இன்னொண்ணு, அந்த உப்பினதை மட்டும் மாத்திட்டு சப்பினதை அப்படியே வச்சு ஓட்டலாம்னு பாத்தேல்லா? செலவு மிச்சம்னு. செய்யி, செய்யி. பழசோட சேர்ந்தா புதுசும் சீக்கிரமே பழசாயிரும். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாசத்துச் சரக்கா ரெண்டையும் சேர்த்து மாத்து.

சார்ஜ் ஏத்துத விசயத்துல உன் பொறுமையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. அரைமணி நேரம் எஞ்சினை ஓட விட்டுட்டு ‘ஏறிருச்சு’ம்ப. முக்கால்வாசி சுருக்கா ஏறும் மருமவனே, கடைசிக் கால்வாசி இருக்கே, அதுக்கு மணிக்கணக்கு ஆவும். அந்தக் கடைசிக் கால்தான் இறுகப் பாக்கிற சல்பேட்டைக் கழட்டுதது. கடையில கொண்டு போயி சார்ஜ் போடுதேன்னு போனா, அங்க பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டி ஒண்ணு கிடக்கும், அதுல தண்ணி ஊத்துறது, ஊத்தாதது எல்லாத்தையும் வரிசையா மாட்டி ராத்திரி முழுக்க உறும விட்டுருவான். காலையில பேட்டரியைத் தொட்டா தோசை ஊத்தலாம். மெத்தை வச்ச சாதி 14.4லேருந்து 14.7 வரை தாங்கும். கூழுச் சாதிக்கு 14.4தான் உச்சம், தாண்டினா கூழுக்குள்ள குமிழி விட்டு அப்படியே நின்னுரும், அது ஆறாத புண்ணு. நிறைஞ்ச பொறவு 13.6, 13.7ல தாங்கிப் பிடிச்சுக்கிடுத ஆட்டோமேட்டிக் சார்ஜர் ஒண்ணு வாங்கி வையி. நூறு ஆம்பியருக்குப் பத்து ஆம்பியர் சார்ஜர் போதும். பைக்குப் பேட்டரி அஞ்சு ஆம்பியர்தான், அதுல இதைக் கொண்டு போயி மாட்டிராத!

சூட்டுக்கும் இதுக்கும் ஆவாது. பத்து டிகிரி கூடினா ஆயுசு பாதின்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. நீ எங்க வச்சிருக்க? சைலன்சரு குழாயை ஒட்டி. எதுக்குன்னு கேட்டா ‘அங்கதான் மாமா நனையாது’. நனையாதுதான். வேவும். அதுவும் கட்டாம வச்சிருக்க, அலை அடிக்க அடிக்க உள்ள தகடு உதிரும். பட்டை போட்டு இறுக்கிக் கட்டு, எஞ்சினை விட்டுத் தள்ளி, காத்துப் போற மாதிரி. ஆனா காத்துக்குன்னு அடித்தளத்துல போட்டு உப்புத் தண்ணியில மிதக்க விட்டுராத. பேட்டரி ஆசிட்டும் கடல் தண்ணியும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். நீர்மூழ்கிக் கப்பல்காரங்க இதுக்குப் பயந்தே கிடந்திருக்காங்க. நீ மூழ்காத போட்டு வச்சிருக்கவன், உனக்கென்ன.

பைக்கைப் பத்திச் சொல்ல நிறைய இல்ல. 2017லேருந்து வந்த வண்டியில முன் லைட்டு எஞ்சின் ஓடுற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அணைக்க முடியாது. கிக்கரையும் பாதி வண்டியில பிடுங்கிட்டான். நீ டீக்கடைக்குப் போறது ஒரு செல்ஃப், அங்கேருந்து பெட்டிக்கடைக்கு ஒரு செல்ஃப், நடந்தா நாப்பது எட்டு. வண்டி ஓடி பேட்டரி நிறைய ஒரு நாளாவது அரைமணி நேரம் சேர்ந்தாப்ல ஓட்டுனியா? வாரம் ஒரு தடவை உங்கம்மையைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. பேட்டரிக்கும் நல்லது, அவளுக்கும் வாயி நிறையச் சொல்லிக்க ஒரு சங்கதி ஆச்சு. அப்படியும் பேட்டரி உப்பி அழுகின முட்டை நாத்தம் அடிச்சுன்னா பேட்டரியைத் திட்டாத, ரெகுலேட்டரைப் பாரு. அது 15க்கு மேல தள்ளிக்கிட்டு நிக்கும்.

டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கே, அதைச் சுரண்டுததுக்குக் கோவம் வந்து ஸ்பேனரால தட்டாத. உங்கம்மைட்ட ஆப்பச் சோடா இருக்கும், தண்ணியில கரைச்சு ஊத்தித் தேய்ச்சுக் கழுவி, துடைச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவு. கடல் காத்துக்கு இது மாசத்துக்கு ஒரு வேலை. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. ஏன்னு கேளு. நீ பிளஸ்ஸைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில பட்டுச்சுன்னா தீபாவளி. சார்ஜ் ஏறின பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் நிக்கும், காத்துல நூத்துக்கு நாலு பங்கு சேர்ந்தாப் போதும், பொறியைத் தேடிக்கிட்டிருக்கும். அங்கன குனிஞ்சு பீடி பத்த வச்சியே போன வாரம், பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உனக்கு மீசை இன்னும் முழுசா வளரல, அது கருகுனா யாருக்கு என்ன நட்டம்னு இருந்துட்டேன்.

சிமெண்டுத் தரையில வச்சா இறங்கிரும்னு பலகையை மட்டும் தேடித் தேடிப் போட்டு வச்சிருக்க. மரப்பெட்டியிலயும் ரப்பர் பெட்டியிலயும் பேட்டரி வந்த காலத்துப் பயம் அது. இப்ப உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குச் சிமெண்டும் ஒண்ணுதான் சந்தனக் கட்டையும் ஒண்ணுதான். செய்ய வேண்டியது எல்லாத்தையும் விட்டுட்டுச் செய்ய வேண்டாததை மட்டும் இம்புட்டு பக்தியாச் செய்யுத பாரு, நீ நம்ம குடும்பம்தான், சந்தேகமே இல்ல.

இதுல ஒரு விசயம் மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லல. செத்த பேட்டரியை உடைச்சு ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு ஊத்தலாம்னு உன் சேக்காளி சொன்னான்லா? அவனை இந்தப் பக்கம் வரச் சொல்லு. ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டுல டாக்கர் பக்கம் தியாரோய்னு ஒரு கடற்கரை ஊரு. பழைய பேட்டரியைப் பிரிச்சு ஈயம் எடுக்கப் போயி, அந்த மண்ணுலயும் தூசியிலயும் கலந்து, 2007 கடைசியிலேருந்து 2008 ஆரம்பத்துக்குள்ள 18 பிள்ளைங்க செத்துப் போச்சு. ஈயத்தூசி பெரியவனை மெதுவாத் தின்னும், பிள்ளையைச் சுருக்காத் தின்னும். வீட்டுல உன் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டு தவழுது. பழசைக் கடையில கொடு. வாங்கிக்கிட வேண்டியது விக்கிறவங்க பொறுப்புன்னு 2001ல சட்டம் வந்துச்சு, 2022ல அதுக்குப் பதிலாப் புதுசும் போட்டிருக்காங்க. எடைக்கு ஈயம் நல்ல விலை போவுது, அதனால பழசுக்கு நல்லாப் பேரம் பேசு. கூச்சப்படாத.

புதுசு வாங்கும்போது மேல பொறிச்சிருக்க மாசத்தைப் பாரு. கடைக்காரரு ‘உங்களுக்குன்னே எடுத்து வச்சது’ம்பாரு. எப்போலேருந்து எடுத்து வச்சதுன்னு கேளு. ஆறு மாசமா அலமாரியில சார்ஜே ஏத்தாமக் கிடந்ததுன்னா உனக்கு முன்னாலயே அவரு கொல்ல ஆரம்பிச்சிட்டாருன்னு அர்த்தம். அங்கனயே மீட்டர் வைக்கச் சொல்லு. 12.7க்கு மேல காட்டினா முழுசு, 12.4ன்னா முக்கால், 12.2ன்னா பாதி, 12க்குக் கீழன்னா நன்றி சொல்லிட்டு வந்துரு. சார்ஜரிலேருந்து கழட்டின சூட்டோட பாக்காத, அப்ப எந்தப் பேட்டரியும் பொய் சொல்லும். நாலஞ்சு மணி நேரம் ஆறட்டும். 10.5ல நின்னு, எம்புட்டு ஏத்தினாலும் அதுக்கு மேல போவலைன்னா ஆறு அறையில ஒண்ணு அவுட்டு, அதுக்கு மேல வைத்தியம் பாக்காத.

மீட்டர் இல்லையா? அதானே பாத்தேன். பாட்டுப்பெட்டி நாலாயிரத்துக்கு வாங்குவ, இது ஐநூறு ரூவா சாமான். எங்கிட்ட ஒண்ணு இருக்கு, தாரேன். வாடகை வேண்டாம், சொந்தத்துல என்ன வாடகை. தடை முடிஞ்சு மொத நாளு கரைக்கு வரும்போது பாறை மீனு ஒண்ணு, ரெண்டு கிலோவுக்குக் குறையாம, ஐசு வைக்காததா, உங்க அத்தைட்ட கொண்டாந்து கொடு. எனக்குன்னு சொல்லாத. டாக்டரு மீனு வறுவலு வேண்டாம்னுட்டாரு. மீட்டருக்குன்னு சொல்லு.